கடைசித் துண்டு

கம்பெனி கொடுத்த மீன்பெட்டி பஸ்ஸின் மேல்தட்டில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே ஒழுக ஆரம்பித்துவிட்டது. முதல் சொட்டு அவன் மனைவியின் தோளில் விழுந்தது. அவள் நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். அவள் திட்டுவதைவிடத் திட்டாமல் பார்ப்பதுதான் அதிகம் உறைக்கும். எழுந்து பெட்டியை இறக்கிக் காலடியில் வைத்துக்கொண்டான். உருகிய தண்ணீர் அவன் செருப்புக்குள் போயிற்று.

குளிர்க்கிடங்கில் எல்லோரும் அவனைக் கிரகம் என்றுதான் கூப்பிடுவார்கள். சேர்ந்த புதிதில், சாப்பாட்டு நேரத்தில், செவ்வாயில் குடியேறியவர்கள் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் கதை ஒன்றில் மூழ்கிப்போய்ச் சங்கு ஊதியதைக்கூடக் கேட்காமல் இருந்தான். சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, "நமக்குன்னு வந்து சேருது பாரு கிரகம்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளம் போடுகிற அம்மாவுக்கே அவனுடைய சொந்தப் பெயர் யோசித்தால்தான் வரும்.

அவனுக்கு அதில் வருத்தமில்லை. விண்வெளிக் கதை கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாத ஆள். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிவந்து குவிப்பான். இந்த வருடம் மட்டும் சூரியனை வாடகைக்கு எடுத்தவர்கள் கதை, எறும்புகள் நிலவை ஆண்ட கதை, காலையில் பிறந்து சாயங்காலம் கிழடாகிச் சாகிற ஜனங்களின் கதை என்று படித்துத் தள்ளியிருந்தான். மீன்பெட்டி தூக்குகிறவனுக்கு நட்சத்திரத்தில் என்ன வேலை என்று மச்சான் கேட்பார். அங்கே வேலை இல்லை, அதனால்தான் பிடிக்கிறது என்பான்.

இப்போது அந்த மச்சான் வீட்டுக்குத்தான் பயணம். வருடக் கடைசி விடுமுறை. மச்சானுக்குக் கடலோரத்தில் வீடு. மனைவி வருடம் முழுக்க இந்தப் பயணத்தைச் சொல்லிச் சொல்லியே பாத்திரம் கழுவியவள். ஆனால் வழியில் ஓர் ஊரில் இறங்க வேண்டும். கிடங்கில் கூட வேலை பார்த்த ராக்கெட்டைப் பார்க்க வேண்டும். பையின் அடியில் துணிகளுக்கு நடுவே வைத்திருக்கும், ஒரு கதைப்புத்தகத்தின் கடைசித் துண்டை அவனிடம் சேர்க்க வேண்டும்.

குளிரறைக்குள் தொடர்ந்து நிற்க முடியாது. விரல் மரத்துப்போய்ப் பெட்டி நழுவிக் காலில் விழும். அதனால் மணிக்கொரு தரம் வெளியே வந்து சூட்டு ரூமில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்பது கிடங்கின் விதி. படிப்பு நடப்பது அங்கேதான். தடிப் புத்தகத்தைக் குளிர்க்கோட்டின் உள்பைக்குள் திணிக்க முடியாது. ஆகவே பெட்டி அறுக்கும் கத்தியால் புத்தகத்தின் முதுகை வகிர்ந்து ஐந்தாறு துண்டாக்கி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் பெட்டி ஒட்டும் டேப்பைச் சுற்றிவிடுவார்கள். ஒரு துண்டைக் கிரகம் முதலில் படிப்பான். அவன் முடித்ததும் அது ராக்கெட்டுக்குப் போகும். ராக்கெட்டிடமிருந்து எடை போடுகிற அக்காவுக்கு. அவர்களுக்குள் சட்டம் ஒன்றே ஒன்று. முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனிடம் கதையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. "படி" என்று மட்டும் சொல்லலாம்.

ராக்கெட் என்ற பெயர் அவன் நடையைப் பார்த்து வைத்தது. அவன் ஒரு பெட்டியைத் தூக்கி வைப்பதற்குள் மற்றவர்கள் ஒரு வரிசையை அடுக்கி முடித்துவிடுவார்கள். வாசிப்பில் மட்டும் புலி. தன் துண்டை முடித்துவிட்டுக் கிரகத்தின் பிடரிக்குப் பின்னால் நின்று, எழுத்துக்கூட்டியா படிக்கிறாய், உன் பள்ளிக்கூடத்தில் இவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தார்களா என்று நச்சரிப்பான்.

அவர்கள் கடைசியாகப் படித்தது ஒரு கப்பலின் கதை. தூங்கிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான ஜனங்களைச் சுமந்து வேறொரு சூரியனுக்குப் போகிற கப்பல். அதில் விழித்திருப்பது இரண்டே பேர், தலைவனும் குழாய்க்காரனும். கப்பலின் வெளிப்புறத்தில் ஒரு குழாய் வெடிக்கிறது. குழாய்க்காரன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வெளியே போய் அதை அடைக்கிறான். அடைத்து முடித்த நேரம் கயிறு அறுந்துபோகிறது. ராக்கெட் படித்த துண்டு அந்த வரியோடு நின்றது. தலைவன் கப்பலைத் திருப்பினானா இல்லையா என்பது கிரகத்தின் கையில், கடைசித் துண்டில் இருந்தது.

குளிரறைக் காற்றாடிகளுக்குப் பின்னால் ஓடும் அமோனியாக் குழாயில் பனி பிடித்துவிட்டால் மரச்சுத்தியால் தட்டி உதிர்க்க வேண்டும். அன்றைக்குத் தட்டுகிற முறை கிரகத்தினுடையது. சூட்டு ரூமில் அவனுக்கு இன்னும் சில பக்கங்கள் பாக்கி. மனசில்லாமல் எழுந்தவனை ராக்கெட் தோளில் அமுக்கி உட்கார வைத்தான்.

"நீ முடிச்சாத்தான் எனக்கு வரும். உக்காந்து முடி. நான் போய்த் தட்டிட்டு வரேன்."

ராக்கெட் வேகமாக நடந்து கிரகம் பார்த்தது அன்றைக்குத்தான்.

கடைசிப் பக்கத்தில் இருக்கும்போது அலறல் கேட்டது. குழாயில் வெகுநாளாக விரிசல் இருந்திருக்கிறது. சுத்தி பட்டதும் பிளந்து அமோனியா நேராக ராக்கெட்டின் முகத்தில் அடித்துவிட்டது. கண் கழுவுகிற குழாயை மறைத்துப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அடுக்கச் சொன்னது சூப்பர்வைசர், அடுக்கியது இவர்கள். அத்தனையையும் இழுத்துத் தள்ளி அவன் முகத்தைத் தண்ணீரில் காட்டுவதற்குள் ஆக வேண்டியது ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் உள்ளே விடவில்லை. பிறகு ராக்கெட்டின் தங்கை வந்து அவனைத் தன்னோடு கூட்டிப் போய்விட்டாள். கிரகம் போய்ப் பார்க்கவில்லை. போன் நம்பர் இருந்தது, போடவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று மாதங்கள் ஓடின. துண்டு கோட்டுப் பையிலேயே கிடந்து ஈரத்தில் ஓரம் சுருண்டது. ஒருநாள் அதை எடை அக்காவிடம் நீட்டினான். அவள் கையை நீட்டவில்லை. உனக்கப்புறம் அவன், அவனுக்கப்புறம்தான் நான், வரிசையை மாற்றாதே என்று சொல்லிவிட்டுத் தராசின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விடுமுறைக்கு முந்தின நாள் கம்பெனியில் ஒரு கூத்து நடக்கும். எல்லோரையும் லாரி ஏற்றும் மேடையில் நிறுத்தி, ஆளுக்கொரு மீன்பெட்டியைக் கொடுத்து, மைக்கைக் கையில் திணிப்பார்கள். யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும். மேனேஜருக்கு நன்றி, சூப்பர்வைசருக்கு நன்றி என்று ஒப்பித்துக்கொண்டே போவார்கள். போன வருடம் ராக்கெட், சூட்டு ரூம் ஹீட்டருக்கு நன்றி சொன்னான். இந்தக் கம்பெனியில் யாரையும் திட்டாமல் சூடாகிறது அது ஒன்றுதானாம். மேனேஜருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

இந்த வருடம் மைக் கைக்கு வந்ததும் கிரகம் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டான். "என் முறைக்கு ராக்கெட் போனான். அவனுக்கு நன்றி" என்றான். சூப்பர்வைசர் அவனை முறைத்தார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பெட்டியோடு இறங்கியவனின் பக்கத்தில் எடை அக்கா வந்தாள்.

"மைக்குக்கு எதுக்குடா சொல்ற? அவன் காதுல போய்ச் சொல்லு."

அதைத்தான் சொல்லப் போகிறான். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வாய்க்குள்ளேயே ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். மனைவி அதைக் கவனித்துவிட்டாள்.

"ஒரு கண்ணு போச்சா, ரெண்டுமா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"யார்கிட்டயும் கேக்கல?"

அவன் மீன்பெட்டியைக் காலால் கொஞ்சம் தள்ளினான். செவ்வாயில் எத்தனை மணிக்கு விடிகிறது என்பது வரை இவருக்குத் தெரியும் என்று அவள் ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள்.

தங்கையின் வீடு ஒரு சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே. ஒருவர் ஏறினால் மற்றவர் இறங்க முடியாத படிக்கட்டு. மேலே கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் நிலைப்படியை மிதிப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கம்பெனி மீன் வருது. உருகி நாறுது. எந்த முட்டாள்டா இதைப் பஸ்ல தூக்கிட்டு வந்தவன்?"

கிரகம் நின்ற இடத்தில் நின்றான். குரல் மாறவில்லை. மனைவிதான் பேச வேண்டியதாயிற்று. "உங்க ஃப்ரெண்டுதாண்ணா" என்றாள்.

மெஷின் நின்றது. ராக்கெட் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். தங்கை தைத்துப் போடுகிற துணிப்பைகளின் வாயில் கயிறு கோர்ப்பது அவன் வேலை. கோர்த்தவை ஒரு பக்கம் கொஞ்சமாக, கோர்க்காதவை மறுபக்கம் மலையாகக் கிடந்தன. இதிலும் ராக்கெட்தான். இடது கண்ணின் இமையைத் தைத்து மூடியிருந்தார்கள். வலது கண் திறந்திருந்தது, வெந்த முட்டையின் வெள்ளை மாதிரி. அது கதவைப் பார்க்காமல் கதவுக்குச் சற்றுத் தள்ளிச் சுவரைப் பார்த்தது. இரண்டும்தான் போயிருக்கிறது என்று கிரகத்துக்கு அப்போது தெரிந்தது.

உட்கார் என்றோ எப்படி இருக்கிறாய் என்றோ ராக்கெட் கேட்கவில்லை.

"துண்டு இருக்கா?"

"இருக்கு. அதுக்கு முன்னாடி நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அதெல்லாம் அப்புறம். கப்பல் திரும்புச்சா?" கேட்டவன் உடனே கையைத் தூக்கித் தடுத்தான். "வேண்டாம், சொல்லாத. படி."

தங்கை மெஷினை மூடிவிட்டு, வாங்க அண்ணி என்று மனைவியைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப் போனாள். இரண்டு பேருமாக மீனைக் கழுவி நறுக்குகிற சத்தம் கேட்டது. கிரகம் பையைத் துழாவித் துண்டை எடுத்து, ராக்கெட்டுக்கு எதிரே உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினான்.

முதல் பக்கங்கள் சரியாகப் போயின. கயிறு அறுந்ததும் தலைவன் கணக்குப் போடுகிறான். எரிபொருள் ஒன்றுக்குத்தான் காணும். ஒன்று திரும்பிப் போய்க் குழாய்க்காரனை எடுக்கலாம், இல்லாவிட்டால் போகிற இடத்துக்குப் போய்ச் சேரலாம். குழாய்க்காரன் ரேடியோவில் கூப்பிடுகிறான். தலைவன் கை விசையின் மேல் இருக்கிறது. ராக்கெட்டின் கையில் பை அப்படியே நின்றிருந்தது, கயிறு பாதி உள்ளே, பாதி வெளியே.

அடுத்த வரி கிரகத்துக்கு மனப்பாடம். மாதக்கணக்கில் அவனைத் தூங்கவிடாத வரி. அந்த வெள்ளைக் கண்ணைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. கப்பல் திரும்பியது என்று வாசித்தான்.

ஒரு வரி சொன்னதும் மற்றவை தாமாக வந்தன. இத்தனை வருடம் படித்த படிப்பு வீண் போகவில்லை. இயந்திரம் அதிர்ந்தது, நட்சத்திரங்கள் ஒரு பக்கமாகச் சரிந்தன, இருட்டில் வெள்ளைப் புள்ளியாகக் குழாய்க்காரன் தெரிந்தான், தலைவன் வாசலில் நின்று கையை நீட்டினான். நன்றாகவே வருகிறது என்றுகூட அவனுக்குத் தோன்றியது. குரலில் ஏற்ற இறக்கம் கொடுத்தான்.

"பக்கத்தைத் திருப்பு" என்றான் ராக்கெட்.

"என்ன?"

"எவ்வளவு நேரம்டா ஒரே பக்கத்தைப் படிப்ப? பேப்பர் சத்தமே காணோம். கண்ணுதான் போச்சு, காது இருக்கு."

கிரகம் துண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இங்க உக்காந்து நானும் ரெண்டு விதமா முடிச்சுப் பாத்துட்டேன். திரும்புற மாதிரி ஒண்ணு, திரும்பாத மாதிரி ஒண்ணு. நீ சொன்னதைவிட ரெண்டுமே நல்லா இருந்துச்சு. எனக்கு வேண்டியது எழுதுனவன் எழுதுனது. படி."

வேறு வழியில்லை, படித்தான். தலைவன் விசையிலிருந்து கையை எடுத்துவிடுகிறான். கப்பல் திரும்பவில்லை. குழாய்க்காரனுக்கு அதைச் சொல்லிவிடுகிறான். குழாய்க்காரன் அழவில்லை, வீர வசனம் எதுவும் பேசவில்லை. ஒரு பெரிய ஸ்பேனரை வேறு பெட்டிக்குள் மாற்றிப் போட்டுவிட்டேன், தேடி எடுத்து அதன் இடத்தில் வை என்கிறான். இடது பூட்ஸில் குளிர் இறங்குகிறது என்கிறான். தலைவன் ரேடியோவின் முன்னாலேயே உட்கார்ந்து அவனோடு பேசிக்கொண்டிருக்கிறான். குரல் தேய்ந்துகொண்டே போகிறது. கடைசியில் இரைச்சல் மட்டும் மிஞ்சுகிறது. தலைவன் இரைச்சலையும் அணைக்காமல் விட்டுவைக்கிறான். ஸ்பேனரைக் கண்டுபிடித்து அதன் இடத்தில் வைப்பதோடு கதை முடிகிறது.

கிரகம் துண்டை மடியில் வைத்தான். சமையல்கட்டில் நறுக்குகிற சத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

ராக்கெட் கயிற்றின் மீதிப் பாதியை மெல்ல இழுத்து முடிச்சுப் போட்டான்.

"தலைவனைக் குத்தம் சொல்ல முடியாது. தூங்குறவங்க அத்தனை பேர்" என்றான். முடிச்சை விரலால் தடவிப் பார்த்து, "ஆனா ரேடியோவை அணைக்கல பாத்தியா? கேக்குற வரைக்கும் பேசிட்டே இருந்தான்" என்றான். அந்தப் பையை முடிந்தவற்றோடு போட்டுவிட்டு அடுத்த பைக்குக் கையால் துழாவினான்.

"நீ அணைச்சிட்டியேடா."

பஸ்ஸில் ஓட்டிப் பார்த்த வார்த்தைகள் ஒன்றுகூட வாயில் நிற்கவில்லை. கம்பெனிக் கூட்டத்தில் உன் பேரைச் சொன்னேன், உனக்குத்தான் நன்றி சொன்னேன் என்று மட்டும் திக்கித் திணறிச் சொன்னான்.

"அதை வச்சு நான் என்ன பண்றது? பையில கோர்க்கவா?"

தங்கை ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. தபாலில் போட்டிருக்கலாமே அண்ணா, நான் படித்துக் காட்டியிருப்பேனே என்றாள். தபால்காரர் சைக்கிள் கீழே நிற்கிற சத்தம் கேட்டால் போதும், வந்ததா வந்ததா என்று ராக்கெட் உயிரை எடுத்துவிடுவானாம். அவளுக்கு அந்தக் கதையும் தெரியாது, கப்பலும் தெரியாது. இருந்தும் யார்தான் திரும்பினார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் அவளுக்கே தூக்கம் வராமல் போனதாம்.

மீன் குழம்பாகித் தட்டுக்கு வந்தது. ராக்கெட் முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துச் சாப்பிட்டான். அவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் மற்ற மூன்று பேரும் கைகழுவிவிட்டார்கள். அவன் வேகத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்கிற கேலி கிரகத்தின் வாய்வரை வந்து திரும்பிப் போயிற்று. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மனைவி ஜாடை காட்டினாள்.

"துண்டை அக்காகிட்ட சேத்துடு. ஒண்ணும் உளறி வைக்காத" என்றான் ராக்கெட். "பைக்குள்ள வேற என்ன இருக்கு? லீவுக்குப் போறப்போ ஒரு துண்டை மட்டும் எடுத்துட்டுப் போற ஆள் இல்ல நீ."

இருந்தது. விடுமுறைக்கென்று வாங்கிவைத்த தடிப் புத்தகம், இன்னும் அறுக்காதது. ராக்கெட் அதை வாங்கி மடியில் வைத்துக் கனம் பார்த்தான். முகர்ந்தான்.

"படிச்சிட்டியா?"

"ரெண்டு பக்கம். பஸ்ல."

"இதுல நான் முன்னாடி" என்றான் ராக்கெட். "நீ வந்து இங்க உக்காந்து எனக்குப் படிக்கணும். அது வரைக்கும் நீ ஒரு வரி தொடக் கூடாது. நான் கேக்காத வரி உனக்கும் தெரியக் கூடாது."

அப்படியானால் புத்தகம் இங்கேயே இருக்கட்டும் என்றான் கிரகம்.

"இங்க இருந்தா நீ வர மாட்ட. உன்கிட்டயே இருக்கணும், அரிப்பு எடுக்கணும். என்னைப் பாக்க வருவேன்னு நான் நம்பலடா. கதை தெரிஞ்சுக்க வருவ."

ராக்கெட் தங்கையிடம் டேப் கேட்டு வாங்கினான். புத்தகத்தை நாலாபக்கமும் தடவிப் பார்த்து, குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினான். கோணல்மாணலாக, ஆனால் இறுக்கமாக. ஒரு சுற்றுப் போதாதென்று இன்னொரு சுற்றும் போட்டான். வெள்ளைக் கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, புத்தகத்தைக் காற்றில் நீட்டினான். கிரகம் சற்று இடப்பக்கம் நகர்ந்து வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

கடலோர பஸ் கூட்டமாக வந்தது. எப்படியோ உட்கார இடம் கிடைத்தது. மீன்பெட்டி இல்லாததால் கால் நீட்ட வசதியாக இருந்தது. ஊர் தாண்டியதும் மனைவி கேட்டாள். "அடுத்த லீவு எப்போ?"

அவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். சனிக்கிழமை வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்தால் ஞாயிறு மத்தியானம் திரும்பிவிடலாம். சூப்பர்வைசர் விட வேண்டும். நன்றி சொன்ன அன்றைக்கு அவர் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை. தெரியவில்லை என்றான்.

புத்தகம் மடியில் இருந்தது. படித்த இரண்டு பக்கமும் மறக்கத்தான் இல்லை. பனிக்கட்டிக்கு அடியில் கடல் இருக்கிற ஓர் உலகம். அங்கே ஒரு பெண் பனியில் துளை போட்டுக்கொண்டிருக்கிறாள். யாருமே இல்லாத அந்தக் கடலின் அடியிலிருந்து பனியை யாரோ தட்டுகிறார்கள். தட்டுவது யார் என்பது மூன்றாவது பக்கத்தில் இருக்கும்.

அவன் விரல் நகம் தானாக டேப்பின் ஓரத்துக்குப் போயிற்று. கையை எடுத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போயிற்று.